மனிதரை விண்ணுக்கு அனுப்பும் செலவு தகுமா?

#1 தாழம்பூ

ராக்கெட் கிளம்பும் காட்சியை இன்றும் கண் கொட்டாமல் பார்ப்பவள் நான். அதனாலேயே இந்தக் கேள்வியைக் கேட்பது கஷ்டமாக இருக்கிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதற்காக வரிப்பணத்தை இவ்வளவு கொட்டுவது நியாயம்தானா?

கேட்கத் தூண்டியது நாசாவின் சொந்தத் தணிக்கை அலுவலகம் போட்ட கணக்கு. நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்கு 2012 முதல் 2025 வரை 9,300 கோடி டாலர். முதல் நான்கு பயணங்களுக்கு ராக்கெட், ஓரியன் கலம், ஏவுதள வேலை என்று தடவைக்கு 410 கோடி டாலர். உருவாக்கச் செலவு இதில் சேராது. 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ரோவருக்கோ (ஆளில்லாமல் தரையில் ஓடும் ஆய்வு வண்டி) மொத்தமே சுமார் 250 கோடிதான் ஆனது.

ஒரு வேண்டுகோள். "ஏழைகள் இருக்கும்போது இது எதற்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். "எல்லாக் கண்டுபிடிப்பும் அதிலிருந்துதானே வந்தது" என்றும் முடித்துவிட வேண்டாம். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

#2 கணக்கர்

தகாது என்பது என் கட்சி.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ரோவர் போய்ச் சேர்ந்தால் போதும். மனிதர் போனால் திரும்பி வந்தாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனைதான் எல்லாவற்றையும் ஊதிப் பெருக்குகிறது. திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டு போக வேண்டும்; அதைச் சுமக்க இன்னும் பெரிய ராக்கெட். காற்று, நீர், உணவு, கதிர்வீச்சுக் காப்பு, ஏவும்போது கோளாறு வந்தால் கலத்தைப் பிய்த்துக்கொண்டு தப்பும் ஏற்பாடு, திரும்பும்போது கருகாமல் காக்கும் வெப்பக் கவசம். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். இது உயிரைக் காப்பதற்கான செலவு. அதில் கை வைக்கவும் கூடாது. ஆனால் அறிவியல் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நிலவு மண் எடுத்துவர ஆள் தேவையே இல்லை என்பதை 1970இலேயே சோவியத்தின் லூனா 16 காட்டிவிட்டது. 2024இல் சீனாவின் சாங்இ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் கொண்டுவந்தது. அந்தப் பக்கம் மனிதக் காலடி இதுவரை பட்டதில்லை. வானிலை, தகவல் தொடர்பு, வழிகாட்டி என்று நம் அன்றாட வாழ்க்கையைத் தாங்கும் செயற்கைக்கோள்களில் எதிலும் ஆள் கிடையாது.

செவ்வாயில் ஓடிய ஆப்பர்சூனிட்டி ரோவர் 2018இல் புழுதிப் புயலில் அடங்கிப்போனபோது எல்லோரும் வருந்தினோம். எந்தக் குடும்பமும் அதனால் குலையவில்லை.

#3 நீலவானம்

கணக்கர், மண்ணை எடை போட்டு அறிவியலை அளக்க முடியாது. எந்த மண் என்பதுதான் கேள்வி.

1972 டிசம்பர், அப்பல்லோ 17; நிலவில் மனிதரை இறக்கிய அமெரிக்கத் திட்டத்தின் கடைசிப் பயணம். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பு. ஹாரிசன் ஷ்மிட் ஒரு நிலவியலாளர். அந்தத் தொழிலிலிருந்து நிலவில் இறங்கியவர் அவர் ஒருவர்தான். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறம். தன் பூட்ஸ் கிளறிய மண் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது அவர் கண்ணில் படுகிறது. கூட இருந்த ஜீன் செர்னன் சந்தேகத்தோடு தன் முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறார். அப்போதும் ஆரஞ்சுதான். அந்த இடத்தில் அவர்களுக்கு இருந்ததே சுமார் அரைமணி நேரம். அதற்குள் பள்ளம் தோண்டி, படம் எடுத்து, குழாய் அடித்து ஆழத்து மண்ணையும் எடுத்துவிட்டார்கள்.

அது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலை பீறிட்டபோது உறைந்த கண்ணாடி மணிகள். அப்பல்லோ கொண்டுவந்த இப்படிப்பட்ட மணிகளுக்குள் நீரின் தடயம் இருப்பதை 2008இல் கண்டுபிடித்தார்கள். நிலவு எலும்பாய்க் காய்ந்த இடம் என்று அதுவரை நம்பியதே மாறிப்போனது. முப்பத்தாறு வருஷம் கழித்துக் கிடைத்த பலன் அது.

வேகத்தையும் பாருங்கள். அந்த இருவரும் மூன்று நாளில் வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள். ஆப்பர்சூனிட்டி 42 கிலோமீட்டர் போக 11 வருஷம் ஆனது.

#4 கணக்கர்

ஆரஞ்சு மண் கதை எனக்கும் பிடித்ததுதான். அதற்கு முந்தைய பயணத்தையும் சொல்ல வேண்டும், இல்லையா?

1972 ஏப்ரல், அப்பல்லோ 16. நிலவின் உள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வெளியே வருகிறது என்று அளக்க ஒரு கருவி கொண்டுபோனார்கள். வருஷக்கணக்கான உழைப்பு. சார்லி டியூக் துளை போட்டு உணரியை உள்ளே இறக்கியும்விட்டார். ஜான் யங் நடந்து போகும்போது கருவியின் கம்பி அவர் காலில் சிக்கி, இணைப்போடு பிய்ந்து வந்தது. அந்தத் தடித்த உடைக்குள் காலில் ஏதோ சிக்கியதே அவருக்குத் தெரியவில்லை. சோதனை அத்தோடு போனது.

யங் அசட்டையான ஆள் இல்லை. மிகத் திறமையான வீரர்களில் ஒருவர். மனிதரை அங்கே அனுப்பினால் மனிதரின் கை முழுசாகப் போய்ச் சேர்வதில்லை, உடைக்குள் மரத்துப்போன கைதான் போகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அப்பல்லோவுக்கு அன்றைய விலையிலேயே 2,500 கோடி டாலருக்கு மேல் ஆனது. இன்றைய மதிப்பில் 25,000 கோடியைத் தாண்டும். அதில் கியூரியாசிட்டி போல நூறு ரோவர் அனுப்பலாம். நூறு ரோவர் நூறு இடத்தில் இறங்கினால் இரண்டு பேர் மூன்று நாளில் பார்ப்பதைவிட நிறையவே பார்க்கும்.

#5 ஆழ்நீர்

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். கை என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கடலடியில் வேலை செய்யும் ஆர்ஓவி இயந்திரங்களை ஒன்பது வருஷம் ஓட்டியவன் நான். மேலே கப்பலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி, கீழே இருக்கும் இரும்புக் கையை அசைப்பதுதான் வேலை.

ஒருமுறை 800 மீட்டர் ஆழத்தில் ஒரு வால்வைத் திருப்ப வேண்டியிருந்தது. பாதி திரும்பி நின்றுவிட்டது. வெறும் கையில் பிடித்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்: துருவா, மரை பிசகியதா, நடுவில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று. இயந்திரக் கையில் அந்த உணர்ச்சி இல்லை. திரையில் தெரிவது கலங்கிய நீரும் ஒரு கைப்பிடியும்தான். கொஞ்சம் அழுத்து, நிறுத்து, கேமராவை மாற்று, பார், மறுபடி அழுத்து. ஆறு மணி நேரம் ஆனது. ஒரு முத்துச்சிப்பி அளவுக் கல்தான் காரணம். ஆள் இருந்தால் பத்து நிமிஷ வேலை.

ஆனால் அங்கே ஆளை இறக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆழத்துக்கு ஆளை அனுப்புவதில்லை. ஆறு மணி நேரம் போனால் போகட்டும் என்பதுதான் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு.

கணக்கர் சொன்ன வெப்பக் கருவிக்குச் செவ்வாயில் ஒரு ஜோடி உண்டு. 2018இல் இறங்கிய இன்சைட் கலம் அங்கே இதே அளவீட்டுக்காகத் தானே நிலத்தில் அடித்துக்கொண்டு இறங்கும் ஓர் ஆணியைக் கொண்டுபோனது. ஐந்து மீட்டர் இறங்க வேண்டியது. அந்த மண் ஆணியைப் பிடித்துக்கொள்ளவில்லை. அடிக்க அடிக்க நின்ற இடத்திலேயே துள்ளியது. பூமியிலிருந்து ஒவ்வொரு கட்டளையாக அனுப்பி, மண்வாரிக் கையால் பக்கத்தில் அழுத்திப் பார்த்தார்கள், மேலே இருந்து குத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம். 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். ஆணி அரை மீட்டர்கூட இறங்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால் மண்வெட்டியால் குழி தோண்டி நட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

நிலவில் மனிதர் கெடுத்தது, செவ்வாயில் மனிதர் இல்லாததால் கெட்டது. இரண்டும் ஒரே அளவீடு. அதனால் யார் கெட்டி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வரவில்லை. எந்த வேலைக்கு யார் என்று மட்டும்தான் கேட்க வருகிறது.

#6 செங்காந்தள்

தாழம்பூ, ஏழைகளைப் பற்றி ஒரே வரியில் முடிக்க வேண்டாம் என்றீர்கள். சரி, நாலு வரியாக எழுதுகிறேன்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நதி ஏழைக் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு, கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடு ஏவுதளத்துக்கே வந்தார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். ராக்கெட்டை நிறுத்தினால் வறுமை தீருமென்றால் நாளை அந்தப் பொத்தானை அழுத்தவே மாட்டோம் என்ற கருத்தில் பேசினார். அபர்நதியும் வீரர்களுக்காகப் பிரார்த்தனை செய்தார். இரண்டு பேரும் நேர்மையாகவே பேசினார்கள் என்று நம்புகிறேன்.

அபர்நதி கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. 1966இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் நாலு சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இன்று அரை சதவீதம்கூட இல்லை. அன்று கேட்டது பெரும் பணத்தைப் பற்றி.

அடுத்த வருஷம் ஜாம்பியாவில் தொண்டு செய்த ஒரு கன்னியாஸ்திரி இதே கேள்வியை எழுதிக் கேட்டார். நாசா விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஸ்டுலிங்கர் நீண்ட பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை மனிதப் பயணத்துக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். நிதானமாகப் படித்துப் பாருங்கள். பசியைப் போக்க விண்வெளி எப்படி உதவும் என்பதற்கு அவர் தரும் வலுவான உதாரணம், பயிரையும் மண்ணையும் மேலிருந்து கண்காணிக்கும் செயற்கைக்கோள். அதற்கு ஆள் வேண்டாம். விண்வெளி ஆய்வு தேவை என்பதும் மனிதர் போக வேண்டும் என்பதும் ஒன்றல்ல. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதற்குப் பணம் கேட்கிறார்கள். எனக்கு மனக்குறை அங்கேதான்.

#7 புதுவரவு

டெஃப்லான், வெல்க்ரோ எல்லாம் விண்வெளித் திட்டத்திலிருந்துதானே வந்தன? அந்த லாபத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

#8 நீலவானம்

மனிதப் பயணம் வேண்டும் என்பவள் நான். இருந்தாலும் இது தவறு, தம்பி. டெஃப்லான் 1938இல் தற்செயலாகக் கிடைத்தது. வெல்க்ரோ ஒரு சுவிஸ் பொறியாளர் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்களைப் பார்த்துச் செய்தது. இரண்டும் நாசா பிறப்பதற்கு முந்தியவை.

உண்மையானது வேண்டுமென்றால் அப்பல்லோவின் வழிநடத்தும் கணினி. ஒருங்கிணைந்த சில்லுகள் (கணினிச் சிப்) அப்போதுதான் பிறந்திருந்தன. விலை அதிகம், நம்பிக்கை குறைவு. 1960களின் தொடக்கத்தில் அவற்றை மொத்தமாக வாங்கியவர்களில் அப்பல்லோ முக்கியமானது. அந்தக் கொள்முதல் விலையை இறக்கி, தரத்தை ஏற்றியது. ஆனால் ஏவுகணைத் திட்டங்களும் அதையேதான் செய்தன. ஆகவே அப்பல்லோ இல்லாவிட்டால் சில்லு வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். கிளைப்பலனைக் காட்டி மரத்தை விற்க வேண்டாம்.

#9 பனையோலை

எல்லோரும் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள்: மனிதப் பயணத்தை நிறுத்தினால் அந்தப் பணம் ரோவருக்கோ மருத்துவமனைக்கோ போகும் என்று. நடந்ததைப் பாருங்கள்.

1993 ஜூனில் விண்வெளி நிலையத்தைக் கைவிடும் தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 216க்கு 215. ஒரே ஓட்டில் நிலையம் பிழைத்தது. அதே வருஷம் அக்டோபரில் டெக்சாசில் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் துகள் மோதுவியை (அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் கருவி) நிறுத்தினார்கள். 23 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியாகிவிட்டது. சுமார் 200 கோடி டாலர் போட்டாகிவிட்டது. அதில் மிச்சமான பணம் மற்ற இயற்பியல் ஆய்வுக்கு வந்து சேரவில்லை.

அப்பல்லோ 18, 19, 20 மூன்றையும் 1970இல் ரத்து செய்தார்கள். மிச்சமான ராக்கெட்டுகள் காட்சிப் பொருளாயின. அபர்நதியின் வண்டிகளில் வந்த குடும்பங்களுக்கு அந்தப் பணம் போகவில்லை. உலகம் 2024இல் ராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 லட்சம் கோடி டாலர். நாசாவின் மொத்த வருஷ பட்ஜெட் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. விண்வெளியையும் ஏழையையும் ஒரே தட்டில் சண்டைக்கு விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

#10 கணக்கர்

பணம் தானாக நகராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே நிறுவனத்தின் பட்ஜெட்டுக்குள் நகரும். நாசாவின் பணத்தில் ஏறக்குறைய பாதி மனிதப் பயணத்துக்குப் போகிறது. அறிவியல் எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

#11 எரிநட்சத்திரம்

பொதுச் செலவு என்றால் பணம் மட்டும்தானா?

நாசாவின் ஷட்டில், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மனித விண்கலம், 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. மலிவாக, அடிக்கடி பறக்கும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். மொத்தச் செலவை வகுத்தால் ஒரு பயணத்துக்குச் சுமார் 150 கோடி டாலர். 14 பேர் இறந்தார்கள். 1986இல் சாலஞ்சர் கிளம்புவதற்கு முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். 2003இல் கொலம்பியாவின் இறக்கையில் நுரைத்துண்டு மோதியது தெரிந்த பிறகு, விண்ணிலேயே அதைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். இரண்டு முறையும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கொலம்பியா விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. நுரை, இறக்கை என்பதோடு அவர்கள் முடிக்கவில்லை. மனிதர் போயே ஆக வேண்டிய ஒரு பெரிய நோக்கத்தை முப்பது வருஷமாக நாடு நாசாவுக்குக் கொடுக்கவே இல்லை என்றும் சொன்னார்கள். போகிற உயிருக்கு ஈடான வேலை இருக்க வேண்டும். எனக்கு இதுதான் முதல் கேள்வி, டாலர் அப்புறம்.

#12 புதுவரவு

மனிதரை அனுப்பும் நம் இந்தியத் திட்டமான ககன்யானுக்கும் இதே கேள்விதானே?

#13 கணக்கர்

அதே கேள்விதான். 2018இல் ஒப்புதல் கிடைத்தபோது சுமார் 10,000 கோடி ரூபாய். 2024இல் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்துத் திருத்தியபோது 20,193 கோடி. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது சுமார் 615 கோடியில். எண்களை வைத்துவிட்டேன். மற்றதை நீங்கள் யோசியுங்கள்.

#14 செங்காந்தள்

நான் எதிர்க்கட்சிதான், ஆனாலும் மனதை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது.

நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தெரியும் படத்தை முதலில் எடுத்தது ஆளில்லாத கலம். லூனார் ஆர்பிட்டர் 1, ஆகஸ்ட் 1966. கறுப்பு வெள்ளையில், கோடு கோடாக. எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8இல் இருந்தவர்களுக்கு நிலவின் தரையைப் படம் எடுப்பதுதான் வேலை. கலம் திரும்பியபோது ஜன்னலில் பூமி எழுந்தது. பில் ஆண்டர்ஸ் பதறிக்கொண்டு கலர் ஃபிலிம் கேட்டு வாங்கி எடுத்தார். அட்டவணையில் இல்லாத படம்.

கலர் மட்டும்தான் வித்தியாசமா? இல்லை என்றே தோன்றுகிறது. அங்கே ஒருவர் இருந்து, ஆச்சரியப்பட்டார். அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. விலையே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

#15 தாழம்பூ

எல்லோரையும் இரண்டு முறை படித்தேன். நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று சொல்கிறேன்.

தரவுக்காக என்றால் இயந்திரம் போகட்டும். கணக்கர் சொன்னது சரி. கிளைப்பலனுக்காக என்பதை நீலவானமே விட்டுக்கொடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, ஷ்மிட் செய்தது போல, பார்த்ததும் புரிந்துகொண்டு அரைமணிக்குள் முடிவெடுக்க வேண்டிய வேலை. இன்னொன்று, நாம் அங்கே போக விரும்புகிறோம் என்ற ஆசை. ஆசைக்குப் பொதுப்பணம் கேட்பது தவறில்லை என்று நினைக்கிறேன். ஆசை என்று சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மக்கள் எவ்வளவு தருவார்கள் என்று அவர்களே சொல்லட்டும். 410 கோடி தரமாட்டார்கள் என்றால் மலிவாகச் செய்யும் வழி வரும்வரை காத்திருக்கலாம். நிலவு ஓடிவிடாது.

ஆழ்நீர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 800 மீட்டருக்கு ஆள் வேண்டாம் என்றீர்கள். கப்பலே வேண்டாம், கரையிலிருந்தே ஓட்டலாம் என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

#16 ஆழ்நீர்

நல்ல கேள்வி. கரையிலிருந்தும் இப்போது ஓட்டுகிறார்கள். ஆனால் சிக்னல் அரை நொடி தாமதித்தாலே கை தடுமாறும், நானே பட்டிருக்கிறேன். பூமியிலிருந்து நிலவுக்குப் போய்வரச் சுமார் 2.6 நொடி. செவ்வாய்க்கு ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிஷம். அந்தத் தாமதத்தில் இயந்திரத்தை ஓட்டுவது என்ற பேச்சே இல்லை. கடிதம் போட்டுக் காத்திருப்பதுதான்.

2015 செப்டம்பரில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டென்மார்க் வீரர் ஆண்ட்ரியாஸ் மோகென்சன் விண்வெளி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு நெதர்லாந்தில் தரையில் நின்ற ஒரு ரோவரை ஓட்டினார். அவர் பிடித்திருந்த கைப்பிடி, கீழே இயந்திரக் கை எதில் எவ்வளவு மோதுகிறது என்பதைத் திருப்பி அவர் கைக்கே உணர்த்தியது. ஒரு முளையை ஒரு துளைக்குள் செருக வேண்டும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. செருகிவிட்டார்.

அந்த வால்வில் எனக்கு இல்லாமல் போனது அதுதான். செவ்வாயைச் சுற்றும் ஒரு கலத்தில் நாலு பேர், கீழே இருபது இயந்திரம். தாமதம் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. இறங்கி ஏறும் செலவும் இல்லை. ஆனால் அந்த நாலு பேர் போய்வரவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்; வழியெல்லாம் கதிர்வீச்சு. கணக்கர், இதற்கு எவ்வளவு ஆகும் என்று உங்கள் பாணியில் ஒரு கணக்குப் போட்டுத் தருவீர்களா? எரிநட்சத்திரம், அந்த நாலு உயிருக்கு ஈடான வேலை இது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்றும் தெரிய வேண்டும்.